மகன் பெயரில் என் ரத்தம்

என் மகன் அமலின் தொழிற்சாலை அடையாள அட்டையில் ரத்தக் குழு பி பாசிட்டிவ் என்று பதினாறு ஆண்டுகள் இருந்தது. அவனுடைய ரத்தம் ஓ பாசிட்டிவ். அட்டையில் இருந்தது என்னுடையது. அதை அங்கே வைத்தவன் நான்தான்.

அமலுக்குக் கணையமும் சிறுநீரகமும் ஒரே அறுவையில் பொருத்தப்பட்டு ஏழு மாதம் ஆகிறது. மருத்துவமனையில் உறுப்பு மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் ரேகா என்னிடம், "சார், நீங்க படிச்சவங்க. புதுசா வர்ற குடும்பங்க பயப்படாம படிக்கிற மாதிரி எழுதிக் குடுங்களேன். ஆபரேஷன்ல என்ன பண்றாங்க, அப்புறம் எப்படி இருக்கும்னு" என்றார். இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் என்னை விட்டுவிட்டு எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

ஓசூரில் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பர்சனல் ஆபீசராக இருந்தேன். வேலைக்கு ஆள் எடுப்பது, விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை நடத்துவது எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். வேலைக்கு வருபவர்களின் சிறுநீரில் சர்க்கரை இருந்தால் 'தகுதி இல்லை' என்று ஒரு ரப்பர் முத்திரை குத்துவோம். ஷிப்டு வேலை, கனமான இயந்திரம், மயங்கி விழுந்தால் கம்பெனிக்குப் பொறுப்பு என்பது காரணம். சூளகிரிப் பக்கம் நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு வேலை கேட்டு வந்த ஒரு விவசாயியின் பையனுக்கும் அந்த முத்திரையைக் குத்தியிருக்கிறேன். அவன் அப்பா என் அறை வாசலில் சாயங்காலம் வரை நின்றார். விதி விதிதான் என்று சொல்லி அனுப்பினேன்.

அமலுக்குப் பன்னிரண்டு வயதில் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. இது பெரியவர்களுக்கு உடம்பு பெருத்து வரும் சர்க்கரை அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் மாறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பிறகு ஊசி வழியாக இன்சுலின் போனால்தான் உயிர். அமல் டிப்ளமா முடித்தபோது எங்கள் தொழிற்சாலையிலேயே ஹைட்ராலிக் பராமரிப்புப் பிரிவில் இடம் வந்தது. அவனுக்கு இருபது வயது, எனக்கு ஐம்பது. அவன் அம்மா அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்துவிட்டாள்.

அவன் மருத்துவப் பரிசோதனை நாளிலேயே என் ஆண்டுப் பரிசோதனையையும் வைத்துக்கொண்டேன். முதலுதவி அறையில் கம்பவுண்டர் ரத்தம் எடுத்து டியூபுகளை ஸ்டாண்டிலும், சிறுநீர்ப் புட்டிகளை அதன் பக்கத்திலும் வைப்பார். பெயர் எழுதிய லேபிளை ஒட்டி, பெட்டியில் அடுக்கி, லேப் ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது என் வேலை. அன்று ரத்தத்திலும் சிறுநீரிலும் எங்கள் இருவரின் லேபிள்கள் இடம் மாறின. அவ்வளவுதான் செய்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அமலிடம், "டாக்டர்கிட்ட பேசிட்டேன். அவருக்குத் தெரியும். ஆனா நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, ஊசியக் கண்ணுல காட்டக் கூடாது" என்று சொன்னேன். அவன் நம்பினான். டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. ஒருமுறை மாற்றினால் ஒவ்வோர் ஆண்டும் மாற்றியாக வேண்டும் என்பது எனக்கு அடுத்த ஆண்டுதான் உறைத்தது. நான் ஓய்வு பெறும் வரை எட்டு முறை மாற்றினேன். என் பெயரில் சர்க்கரை நானூறு என்று வரும். கம்பெனி டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். நான் தலையாட்டிவிட்டு, கேன்டீனில் எல்லோர் முன்னிலையிலும் சர்க்கரை இல்லாத டீ கேட்டு வாங்கிக் குடிப்பேன். வீட்டிலும் அப்படியே பழகிக்கொண்டேன்.

அமல் இன்சுலினை வண்டிப் பெட்டியில் ஈரத்துணி சுற்றி வைத்திருப்பான். மத்தியான ஊசியைப் பாதி நாள் போடமாட்டான். போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி இயந்திரத்தின் மேலேயே விழ நேரிடும் என்று பயம். விழுந்தால் விஷயம் வெளியே வந்துவிடும். ஆகவே சர்க்கரையை எப்போதும் உயரத்திலேயே வைத்திருந்தான். ஊரில் அவன் பார்த்துவந்த டாக்டர், "கிட்னிக்கு டெஸ்ட் எடுத்தியாப்பா?" என்று கேட்கும்போதெல்லாம் கம்பெனி அறிக்கையை நீட்டுவான். எல்லாம் நார்மல். அது என் சிறுநீரகம்.

இதுவரை சொன்னது பொய். இனிச் சொல்வது அதைவிட மோசமானது.

ஏழாம் ஆண்டு என் பெயரில் வந்த அறிக்கையில் ஒரு வரியைக் கம்பெனி டாக்டர் பென்சிலால் சுழித்து, "சார், யூரின்ல புரோட்டீன் போகுது. உடனே கிட்னி டாக்டரைப் பாருங்க. இப்பப் பாத்தா தள்ளிப் போடலாம்" என்றார். எட்டாம் ஆண்டு அது இன்னும் கூடியிருந்தது. மறுபடியும் ஒரு சுழிப்பு. இரண்டு தாள்களையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மகனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணி நிறையக் குடிடா, உப்பக் கொறை" என்றேன். உண்மையைச் சொன்னால் அவன் வேலை போகும், என் ஓய்வூதியப் பலன்களுக்குச் சிக்கல் வரும், பெயர் கெடும். இந்த மூன்றில் எது முதலில் மனதில் வந்தது என்று இன்றுவரை நேர்மையாகச் சொல்ல முடியவில்லை. ஓய்வுக்கு முன், சம்பளம் அதிகம் என்று சொல்லி, ஆண்டுப் பரிசோதனை இல்லாத ஒரு சிறிய கம்பெனிக்கு அவனை மாற்றிவிட்டேன்.

எங்கள் பங்குக் கோயிலில், சர்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "இதை உங்க மகன்கிட்டயும் சொல்லணும்ல?" என்றார். சரி என்றேன். அபராதமாகச் சொன்ன செபங்களைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அமலுக்கு முப்பத்தைந்து வயதில் கால் வீங்கியது. செருப்பு போட முடியவில்லை. பிறகு மூச்சு வாங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாகச் சொன்னார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்: ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் வடிகட்டி, திரும்ப உள்ளே விடுவது. நான்கு மணி நேரம் ஒரே நாற்காலி. அங்கே ரத்தக் குழுவை, அவன் பர்ஸில் இன்னும் வைத்திருந்த பழைய தொழிற்சாலை அட்டையைப் பார்த்தே எழுதிக்கொண்டார்கள். ரத்தம் ஏற்றும் தேவை அவனுக்கு வரவில்லை.

மருமகள் ஷீலா கிருஷ்ணகிரிக்காரி. மாம்பழக் கூழ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை. தெலுங்கு வீட்டுப் பெண், கன்னடமும் பேசுவாள். எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் கணையமும் சேர்த்து மாற்றுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

அறுவை மருத்துவர் முதல் நாளே ஒரு தாளில் வயிற்றை வரைந்தார்.

"பழைய கணையத்த எடுக்க மாட்டோம். பழைய கிட்னியையும் எடுக்க மாட்டோம். அதது அதும் பாட்டுக்கு இருக்கட்டும். புதுசு ரெண்டையும் கீழ வைப்போம். கணையம் அடிவயித்துல வலது பக்கம், கிட்னி இடது பக்கம்."

"இன்லெட் எங்க சார், அவுட்லெட் எங்க?" என்றான் அமல்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"ஹைட்ராலிக் மெயின்டனன்ஸ் சார்."

"அப்ப உங்களுக்குச் சொல்றது ஈசி. கணையத்துக்கு ரெண்டு ரத்தக் குழாய் வழியா சப்ளை. குடுத்தவரோட ரத்தக் குழாய்லயே ஒய் மாதிரி பிரியற ஒரு துண்டு எடுத்து, ரெண்டையும் அதுல சேத்து ஒரே இன்லெட் ஆக்கிடுவோம். அத உங்க காலுக்குப் போற பெரிய குழாய்ல தைப்போம். திரும்பற ரத்தத்துக்கு ஒரு ஜாயின்ட். அதுல இன்சுலின் கலந்து போயிடும். அது வரைக்கும் பிரச்சினை இல்ல."

"பிரச்சினை எதுல சார்?"

"கணையம் ரெண்டு சரக்கு தயார் பண்ணுது. ஒண்ணு இன்சுலின். இன்னொண்ணு சாப்பாட்ட செரிக்கிற நீர். உங்களுக்கு அந்த நீர் தேவையில்ல, உங்க பழைய கணையமே அதச் செய்யுது. ஆனா புதுசும் சுரக்கத்தான் செய்யும். அத எங்கயாவது விட்டாகணும். அதுக்காகவே கணையத்தோட ஒட்டியிருக்கற சிறுகுடல் துண்டையும் சேத்து எடுத்து, உங்க குடல்ல தைக்கறோம். முன்னாடி மூத்திரப் பையில விட்டாங்க. அதுல ஒரு வசதி, யூரின சோதிச்சாலே கணையம் எப்படி ஓடுதுன்னு தெரியும். ஆனா பை எரியும், உடம்புல இருந்து தண்ணியும் உப்பும் வெளிய போயிட்டே இருக்கும். இப்பப் பெரும்பாலும் குடல்லதான்."

"அந்த ஜாயின்ட் லீக் ஆனா?"

"செரிக்கிற நீர் இல்லையா, உள்ள இருக்கற சதையவே செரிக்க ஆரம்பிக்கும். திரும்பத் திறக்கணும்."

"வாரன்டி எதாவது இருக்கா சார்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "வாரன்டி கிடையாது. சர்வீஸ் உண்டு, வாழ்நாள் முழுக்க." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். நல்லபடியாகப் போனால் இன்சுலின் ஊசியும் டயாலிசிஸும் ஒரே நாளில் நின்றுவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு கழித்தும் ஊசி தேவைப்படுவதில்லை. சிலருக்கு முதல் வாரத்திலேயே ரத்தக் குழாயில் உறைவு ஏற்பட்டு, கணையத்தை எடுத்துவிட வேண்டியிருக்கும். அப்போதும் சிறுநீரகம் ஓடும், ஊசி திரும்ப வந்துவிடும். உடம்பு புதிய உறுப்பைத் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்கப் போட வேண்டும். அதனால் கிருமி எளிதில் தொற்றும். கண்ணில் ஏற்கனவே வந்துவிட்ட சேதம் திரும்பாது. எதையும் மறைக்காமல் சொன்னார். அப்படிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கடினமாக இருந்தது.

இரண்டு மாதம் பரிசோதனைகள். சர்க்கரை பழுதாக்கியிருக்கிறதா என்று இதயம், கால் ரத்தக் குழாய்கள், பல், நுரையீரல் எல்லாவற்றையும் பார்த்தார்கள். சூளகிரியில் இருந்த மனையை விற்றேன். கடைசியாக ரேகா எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அட்டையையும் ஆய்வகத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல பி. நம்ம லேப்ல ஓ. சந்தேகத்துக்கு ரெண்டாவது தடவ எடுத்தோம், அதுவும் ஓ. அட்டை தப்பா இருக்கலாம், விடுங்க. ஆனா இதப் பாருங்க." ஷீலா பிளாஸ்டிக் உறையில் ஆண்டு வாரியாக அடுக்கிக் கொடுத்திருந்த கம்பெனி அறிக்கைகள். "எட்டு வருஷம் சுகர் நார்மல், கிட்னி நார்மல். பன்னெண்டு வயசுலருந்து டைப் ஒன்னுங்கறீங்க. அப்படிப்பட்ட ஆளுக்கு இந்த மாதிரி ரிப்போர்ட் வரவே வராதே. டாக்டருங்க மீட்டிங்ல முதல் கேள்வியே இதுதான். தெளிவாகாம லிஸ்ட்ல பேரு ஏறாது சார்."

அமல் தலையைச் சொறிந்தான். "எனக்கே ஆச்சரியம்தான் மேடம். மத்தியான ஊசிய நான் பாதி நாளு போட்டதே இல்ல. ஆனா கம்பெனி ரிப்போர்ட் மட்டும் டாண்ணு வந்துடும். நம்ம பாடி கண்டிஷன் அப்படின்னு நெனச்சுக்குவேன்."

என் பையில் வேறொரு கோப்பு இருந்தது. அதற்கு முன் மூன்று முறை அதை அந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, திறக்காமலே திரும்பக் கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேசையில் வைத்தேன்.

"அது என் ரத்தம். இதுல என் பேர் போட்டு இருக்கறது அவன் ரத்தம். நான்தான் மாத்துனேன்."

ரேகா ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஏழாவது தாளில் நின்றார். "இந்த ரவுண்டு யாரு போட்டது?"

"கம்பெனி டாக்டர்."

"அப்ப... அப்பவே தெரியுமா சார் உங்களுக்கு?"

"தெரியும்."

ஷீலா தன் பிளாஸ்டிக் உறையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் இத எவ்ளோ பத்திரமா வெச்சிருந்தேன் மாமா" என்றாள். 

அமல் கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப உங்களுக்கு சுகரே இல்லியாப்பா?" என்றான்.

"இல்ல."

"கேன்டீன்ல அத்தன வருஷம் சக்கரை இல்லாத டீ குடிச்சீங்களே."

"ஆமா."

"நான் உங்களப் பாத்துதாம்பா மனசத் தேத்திக்குவேன். அப்பாவுக்கும் இருக்கு, இந்த வயசுல அவரே சமாளிக்கறாரு, நமக்கு என்னன்னு."



என் கோப்பு மருத்துவர்களுக்குப் பயன்பட்டது. நோய் நடந்துவந்த வழி அதில் சரியாக இருந்தது. உடம்பு தானாக இன்சுலின் சுரக்கிறதா என்று காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். சுத்தமாக இல்லை என்று வந்தது. பெயர் பட்டியலில் ஏறியது. ஓ குழுவுக்கு ஓ குழுவினரின் உறுப்புதான் பொருந்தும். என் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று நான் கேட்டுப் பார்த்தேன். வயதும் ஒத்துவரவில்லை, ரத்தமும் ஒத்துவரவில்லை. அட்டையில் ஒட்டிய ரத்தம் ஆளுக்கு ஒட்டவில்லை.

ஒன்பது மாதம் காத்திருந்தோம். ஒரே வீடுதான். அமல் சண்டை போடவில்லை. "தண்ணி வந்துடுச்சு", "கேஸ் முடிஞ்சிடுச்சு" என்று தேவைக்கு மட்டும் பேசினான். ஆனால் ஒன்று கவனித்தேன். மாத்திரைச் சீட்டு, அறிக்கை, டியூப் எதையும் என் கையில் படவிடவில்லை. ஒருமுறை மேசையில் இருந்த ஸ்கேன் கவரை நான் எடுக்கப் போனபோது, "ஷீலா எடுத்துக்குவா" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

கார்த்திகை மழையில் ஒரு மத்தியானம், அவன் டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ரேகா கூப்பிட்டார். விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவர். அவர் குடும்பம் சம்மதித்துவிட்டது. எதுவும் சாப்பிடாமல் உடனே வர வேண்டும். இதற்கு முன் ஒருமுறை இப்படிக் கூப்பிட்டு, கணையத்தில் கொழுப்பு அதிகம், சரிப்படாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அத்திப்பள்ளியில் வண்டிகள் நகரவில்லை. ஷீலா முன் இருக்கையிலிருந்து டிரைவரைக் கன்னடத்தில் விரட்டிக்கொண்டே இருந்தாள். யாரோ ஒரு வீட்டில் இந்த நேரம் அழுகை நடக்கிறது, அதற்காக நாம் அவசரப்படுகிறோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அமலின் ரத்தத்தையும் கொடுத்தவரின் செல்களையும் கலந்து பார்த்தார்கள். அவன் ரத்தம் அதைத் தாக்கவில்லை, பொருந்தும் என்றார்கள். மாலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்டிரெச்சரில் போகும்போது அமல் என்னைப் பார்த்து, "ஷீலாவ சாப்பிடச் சொல்லுங்க. அவ சாப்பிட மாட்டா" என்றான். ஒன்பது மாதத்தில் அவன் என்னிடம் ஒப்படைத்த முதல் வேலை அதுதான். இரண்டு இட்லி வாங்கிவந்து, அவள் தின்று முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் வெளியே வந்தபோது விடிந்திருந்தது. "ரெண்டும் நல்லா செவந்து வந்துச்சு. கிட்னி டேபிள்லயே யூரின் விட்டுது" என்றார். பதினோரு மணிக்கு ஷீலா தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து முகக்கவசத்தோடு ஓடிவந்தாள்.

"நூத்திப் பதினாலு மாமா! ஊசி இல்லாம! நான் நாள் பூரா மாம்பழக் கூழ்ல சக்கரை அளக்கறவ. என் ஜென்மத்துல இப்படி ஒரு நம்பர நான் பாத்ததில்ல."

இருபத்தைந்து ஆண்டு ஊசி அன்று நின்றது.

நான்காம் நாள் காலை நூற்று எழுபது. பத்து மணிக்கு இருநூற்று முப்பது. வலது பக்கம் வயிறு கல்லாக இருந்தது, தொட்டாலே துடித்தான். சர்க்கரை திடீரென்று ஏறினால் கணையத்துக்கு ரத்தம் போகவில்லையோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள். படுக்கைக்கே ஸ்கேன் கருவியைக் கொண்டுவந்தார்கள். ரத்தம் ஓடுகிறது, ஆனால் மெலிந்து ஓடுகிறது. சுற்றிலும் ரத்தம் தேங்கி நாளத்தை அழுத்துகிறது. ஒரு மணி நேரத்தில் மறுபடி திறக்க வேண்டும் என்றார்கள். கணையம் கறுத்திருந்தால் எடுத்துவிடுவோம் என்று சொல்லி ஷீலாவிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அவனை இரண்டு நிமிடம் பார்க்க விட்டார்கள். உதடு காய்ந்திருந்தது.

"கறுத்துப் போயிருந்தா எடுத்துடுவாங்களாம்" என்றான்.

"சொன்னாங்க."

"அப்பா, நெஜமாவா சொல்றாங்க? கிட்னிக்கு ஒண்ணும் இல்லையே? நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். கிட்னி நல்லா ஓடுது. கணையம்தான் பயம். பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொன்னாரு."

ஷீலா என்னை முறைத்தாள். தைரியம் சொல்ல வேண்டிய நேரம் என்று அவள் நினைத்திருக்கலாம். அமல் கண்ணை மூடிக்கொண்டு, "சரி. சொல்லிட்டீங்கல்ல. போதும்" என்றான்.

மூன்று மணி நேரம் ஆனது. தேங்கிய ரத்தத்தை அள்ளி எடுத்து, கசிந்த இடத்தைத் தைத்தார்கள். அழுத்தம் விலகியதும் கணையம் நிறம் திரும்பியது. இழக்கவில்லை. மாலை சர்க்கரை நூற்று நாற்பது. அடுத்த நாள் நூற்றுப் பத்து. அதற்குப் பிறகும் இருபத்து மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தான். நெஞ்சில் சளி, ஒரு காய்ச்சல், மாத்திரையால் கைநடுக்கம், வாந்தி. இதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் நம்பர் நார்மல் ஆனதும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நாங்கள் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரையின் அளவு ரத்தத்தில் சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். குறைந்தால் உடம்பு புதிய உறுப்பைத் தள்ளும், கூடினால் அதே மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். ஓசூரில் எங்கள் தெருமுனை கிளினிக் நர்ஸ் வீட்டுக்கு வந்து எடுப்பார். கூட்டத்தில் போகக் கூடாது என்பதால் அமல் பயணம் செய்வதில்லை. டியூபை ஐஸ் பெட்டியில் வைத்து ஷீலா பெங்களூருக்கு எடுத்துப் போவாள். வாரம் ஒரு முறை இருந்தது, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் லேபிளில் அமல் தானே பெயர் எழுதி, தானே ஒட்டி, ஷீலா கையில் கொடுப்பான். நான் அந்த நேரம் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன்.

மாம்பழக் காலம் தொடங்கியது. கூழ் தொழிற்சாலைகளில் மூன்று ஷிப்டும் ஓடும். லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்கும். அந்த இரண்டு மாதம் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு விடுப்பு கிடையாது. முதல் முறை ஷீலா எப்படியோ அனுமதி வாங்கிப் போய்வந்தாள். அடுத்த முறை முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை காலை ஆறரைக்கு நர்ஸ் வந்து ரத்தம் எடுத்துவிட்டுப் போனார். ஷீலா சீருடையில் கம்பெனி வேனுக்குக் காத்திருந்தாள். நான் வழக்கம்போல் வாளியைத் தூக்கினேன்.

"எங்க போறீங்க?" என்றான் அமல்.

"செடிக்கு..."

"செடி எங்கயும் ஓடிப் போயிடாது. சட்டைய மாத்திக்கிட்டு வாங்க. ஏழேகால் பஸ்ஸுக்குப் போனாத்தான் பத்து மணிக்கு முன்னால கவுன்டர்ல குடுக்க முடியும்."

வந்து நின்றேன். அவன் லேபிளை எழுதி ஒட்டி, விரலால் இரண்டு முறை நீவினான். டியூபைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். உடனே கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மூடியைப் பார்த்தபடி இருந்தான். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. ஷீலா போகவில்லை.

"ஒட்டிட்டேன்" என்றான். "மாத்திடாதீங்க."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். கேலிதான். கேலி மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது.

"மாட்டேன்" என்றேன்.

பெட்டியைக் கையில் கொடுத்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சீட்டுக்குச் சில்லறை எடுக்கக்கூட ஒரு கையை விட மனம் வரவில்லை. கண்டக்டர், "என்ன பெரியவரே, உள்ள என்ன, பாம்பா?" என்று கேட்டு, என் சட்டைப் பையிலிருந்து தானே பணத்தை எடுத்துக்கொண்டார். அத்திப்பள்ளி தாண்டும் வரை பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பிறகு ஒருமுறை திறந்தேன். டியூபில் லேபிளும் அதன் பின்னால் ரத்தமும் இருந்தன. நான் அந்த வேலையை எட்டு ஆண்டு செய்திருக்கிறேன்; ஒரு டியூபில் எழுதியிருந்த பெயரை அதற்குரிய மரியாதையோடு படித்தது அன்றுதான். மூடிவிட்டேன்.

மருத்துவமனை ஆய்வகக் கவுன்டரில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, லேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யார்து இது?" என்றாள் கன்னடத்தில்.

எனக்குக் கன்னடம் அரைகுறைதான். அதற்கான பதில் தெரிந்திருந்தது.

"நன் மகந்து" என்றேன். என் மகனுடையது.